நுண்செவிக் கழகத்தின் சம்மதம்

பேக்கரிக்காரரின் மகள் வாசிக்கும் வாத்தியம் அவர்கள் வீட்டு மாடிப்படியில் ஏறாது. டபுள் பேஸ் என்று அதற்குப் பேர். பார்ப்பதற்கு வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். ஆளைவிட உயரம், நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். கீழே பேக்கரி, மேலே வீடு, இரண்டுக்கும் நடுவில் நத்தை ஓடு மாதிரி சுருண்டு ஏறும் படி. சோபா வாங்கியபோதே அதை ஜன்னல் வழியாகக் கயிறு கட்டித்தான் மேலே இழுத்தார்கள். அதனால் மகள் அந்த வாத்தியத்தை வேறு ஊரில் படித்து, வேறு ஊரில் பழகி, வேறு ஊரிலேயே ஒரு பெரிய இசைக்குழுவில் சேர்ந்துவிட்டாள். பெற்றவர்கள் ஒரே ஒரு தடவை போய்க் கேட்டார்கள். மேடை நிறைய ஆட்கள் வாசித்ததில் நம்ம பிள்ளையின் சத்தம் எது என்று கடைசிவரை பிடிபடவில்லை.

மகள் அவ்வப்போது தான் வாசித்ததைப் பதிவு செய்து போனுக்கு அனுப்புவாள். போனில் வயலின் கேட்கும், புல்லாங்குழல் கேட்கும், யாரோ இருமுவதுகூடக் கேட்கும். மகள் மட்டும் கேட்கமாட்டாள். "சின்ன ஸ்பீக்கர்ல அவ்வளவு தாழ்ந்த சுருதி வராதுப்பா" என்று அவளே சொல்லிவிட்டாள். இது புரியாத சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பேக்கரிக்காரரின் மனைவிக்கு ஒரு அக்கா உண்டு. அவள் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஏன்டி, உன் பொண்ணு வாசிக்கிறாளா, இல்ல அதைச் சும்மா கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாளா?" என்றாள். அன்றிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுப் பல் டாக்டர் வீட்டைக் காலி செய்தார். போகிறபோது இடுப்பு உயரத்தில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களைப் பேக்கரிக்காரருக்குக் கொடுத்தார்.

"அருமையான ஸ்பீக்கருங்க. என்னோட ஆம்ப்ளிஃபயர் எரிஞ்சு போச்சு. அது மட்டும் ஒண்ணு வாங்கிக்குங்க. அதுதான் சத்தத்தைத் தள்ளிவிடற பொட்டி. அது இல்லேன்னா இது வெறும் மரம்."

வெறும் மரம் இரண்டும் கூடத்தில் சோபாவுக்கு எதிரே வந்து நின்றன.

"சம்பந்தி வீட்டுக்காரங்க ரெண்டு பேர் கோவிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. "வாயைத் தொறக்கறதில்ல, எடத்தை மட்டும் அடைச்சிக்கிட்டு."

அந்த வாரமே மகள் போன் செய்தாள். அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் குழுவின் நிகழ்ச்சி வானொலியில் நேரடியாக வருகிறதாம். "நடுவுல ஒரு எடத்துல எல்லாரும் நிறுத்திடுவாங்கப்பா. நான் மட்டும் தனியா வாசிக்கிறேன். எப்படியாவது கேளுங்க."

பேக்கரிக்காரர் மறுநாளே மாவுக் கையைக் கழுவிக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்பினார்.

அந்த ஊரில் அதற்கென்று ஒரே ஒரு கடை. உள்ளே போனதும் கம்பளம் காலைக் கவ்வியது. கடைக்காரர் நோயாளி வீட்டில் பேசுவது போல மெதுவாகப் பேசினார்.

"என்ன ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க?"

"பெரிசுங்க. பழுப்புக் கலர்."

கடைக்காரர் கண்ணை மூடித் திறந்தார். "ஆம்ப்ளிஃபயர் வாங்கறதுன்னா செருப்பு வாங்கற மாதிரின்னு நெனச்சீங்களா?"

"செருப்பே நான் போட்டு நடந்து பாத்துதாங்க வாங்குவேன்."

"ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் இருக்கணும். பொருத்தம் தப்பிச்சுன்னா ஸ்பீக்கர் கருகிடும்."

வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் பேக்கரிக்காரர் கொஞ்சம் வாதாடியிருப்பார். கருகிடும் என்ற வார்த்தை அவரை அப்படியே உட்கார வைத்துவிட்டது. அடுப்பைப் பார்த்து வளர்ந்த மனிதர். கருகியது திரும்ப வராது என்று அவருக்குத் தெரியும்.

"பொருத்தம் யாருங்க பாப்பாங்க?"

"நுண்செவிக் கழகம். அவங்க சம்மதம் இல்லாம ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் நான் விக்க முடியாது. ஒரு தடவை வித்துட்டேன். அப்புறம் ஒரு ஈ காக்கா கடைப்பக்கம் வரல." சொல்லிவிட்டுக் காலியான கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

நுண்செவிக் கழகம் ஒரு கம்பளக் கிடங்கின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவுக்குக்கூடப் பஞ்சு. தட்டினால் சத்தம் வராது என்பதால் பேக்கரிக்காரர் வெகுநேரம் வெளியே தட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் வேறு வேலையாகக் கதவைத் திறந்த செயலாளர் அவரைப் பார்த்து உள்ளே கூட்டிப் போனார். செயலாளர் ஒல்லியானவர். எதைச் சொன்னாலும் தீர்மானம் வாசிப்பதுபோலச் சொல்வார்.

உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "செவி ஓய்வு நடக்குது" என்று செயலாளர் கிசுகிசுத்தார். "கேக்கறதுக்கு முன்னாடி கேக்காம இருக்கணும்."

ஓய்வு முடிந்ததும் தலைவர் வந்தார். காதுகளில் கம்பளி உறை மாட்டியிருந்தார். சாமான்யச் சத்தங்களில் செவியை வீணாக்கக் கூடாது என்பதற்காக கழக வேலை இல்லாத நேரத்தில் அவர் அந்த உறைகளைக் கழற்றுவதே இல்லை. இருவர் எழுந்துபோய், ஆளுக்கொரு பக்கமாக உறையைக் கழற்றி, வெல்வெட் விரித்த தட்டில் வைத்தார்கள். தலைவரின் காதுகள் வெளிறிப்போய், வெயில் படாத செடிமாதிரி இருந்தன. எல்லோரும் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்தார்கள். கைதட்டினால் செவி புண்படும் என்பதால் கழகத்தில் அப்படித்தான் பாராட்டுவார்கள்.

"எதைக் கேக்கறதுக்காக ஆம்ப்ளிஃபயர் வேணும்?" என்றார் தலைவர்.

"எம் பொண்ணு வாசிக்கிறதைங்க."

"அதாவது, பாட்டு?"

"ஆமாங்க, பாட்டுதாங்க."

பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார். தலைவர் பொறுமையாகச் சிரித்தார்.

"தப்பு உங்க மேல இல்ல. ஊர்ல பாதிப்பேர் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க. நாங்க இங்க பாட்டு கேக்கறதில்ல. பாட்டு கேட்டா கவனம் பாட்டு மேல போயிடும், ஒலி மேல நிக்காது. நானும் சின்ன வயசுல பாட்டு கேட்டிருக்கேன். ரசிச்சும் இருக்கேன், ஒளிக்கல. அதை விட்டொழிச்சு இருபது வருஷமாச்சு. இன்னைக்கு எந்த இசைத்தட்டைப் போட்டாலும், பாடினவருக்கு அன்னைக்கு ஜலதோஷமா இல்லையான்னு சொல்வேன். ஆனா என்ன பாடினாருன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. அந்த அளவுக்கு என்னை நான் பக்குவப்படுத்தி வச்சிருக்கேன்!"

விரல்கள் தேய்ந்தன. பேக்கரிக்காரரும் தேய்த்தார். மாவு காய்ந்த விரல் ஆனதால் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

அடுத்து எழுந்தவரைக் கம்பிக்காரர் என்று அறிமுகப்படுத்தினார்கள். ஒயர்களில் அவர்தான் கடைசி வார்த்தை.

"உங்க வீட்டு மின்சாரம் ஆத்துத் தண்ணியிலேர்ந்து வருதா, கரியிலேர்ந்து வருதா?"

பேக்கரிக்காரர் யோசித்தார். "சுவிட்சிலேர்ந்து வருதுங்க."

"கரி மின்சாரம்னா ஒலி லேசா கறுத்துக் கேக்கும். தண்ணி மின்சாரத்துல ஈரப்பசை இருக்கும். ரெண்டுக்கும் வேற வேற ஆம்ப்ளிஃபயர்." கம்பிக்காரர் உட்கார்ந்தார். பேக்கரிக்காரருக்குத் தன் வீட்டு மின்சாரத்தை நினைத்துத் திடீரென்று வெட்கமாக இருந்தது.

சோதனையை அடுத்த கூட்டத்தில் வைத்தார்கள். மேசைமேல் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், ஒன்று வெள்ளி நிறம், இன்னொன்று கறுப்பு. நடுவில் ஒரு சின்னச் சுவிட்ச். அதை ஒரு பக்கம் தள்ளினால் வெள்ளிப் பெட்டி பாடும், மறுபக்கம் தள்ளினால் கறுப்புப் பெட்டி பாடும். சம்மதம் வேண்டி வந்தவர்தான் சுவிட்சைத் தள்ள வேண்டும் என்பது கழகத்து மரபு.

ஏதோ ஒரு பாட்டு ஓடியது. தலைவர் கண்ணை மூடியபடி கையை உயர்த்தினார். "மாத்துங்க."

பேக்கரிக்காரரின் விரல் மாவு பிசைந்து தடித்த விரல். சுவிட்சோ அரிசி மணி அளவு. தள்ளினார், வழுக்கியது. இன்னொரு முறை தள்ளலாம் என்று பார்ப்பதற்குள் தலைவர் பெருமூச்சு விட்டார்.

"அடடா! இப்பத்தான் ஜன்னலைத் தொறந்த மாதிரி இருக்கு."

"முதல் பெட்டியில் பனி விழுந்தது" என்றார் செயலாளர். "இரண்டாவதில் பனி உருகுகிறது."

"முதல் பெட்டி சட்டை போட்டுக்கிட்டுப் பாடிச்சு, இது சட்டையைக் கழட்டிட்டுப் பாடுது" என்றார் கம்பிக்காரர்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கறுப்புப் பெட்டியின் பெருந்தன்மையைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். வெள்ளிப் பெட்டி ஒரு அற்பப் பெட்டி என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. பேக்கரிக்காரர் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வெள்ளிப் பக்கமே இருந்தது. சொன்னால் பெரிய மனிதர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் தப்பான பெட்டி வீட்டுக்கு வரும், ஸ்பீக்கர் கருகும், மகள் தனியாக வாசிப்பது யாருக்கும் கேட்காமல் போகும்.

"ஐயா, மன்னிக்கணும். நான் மாத்தவே இல்லீங்க. கை வழுக்கிடுச்சு. முதல்லேர்ந்து வெள்ளிப் பொட்டிதான் பாடுது."

எல்லோரும் பேச்சை நிறுத்திச் சுவிட்சைப் பார்த்தார்கள். பஞ்சுச் சுவர் அந்த மௌனத்தையும் உறிஞ்சிக்கொண்டது.

தலைவர் மெல்ல எழுந்தார். "நண்பர்களே, இன்னைக்கு என்ன நடந்ததுன்னு புரியுதா? வித்தியாசம் இருக்கறப்ப வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கறது யாராலயும் முடியும். ஒரு குழந்தையாலகூட முடியும். வித்தியாசமே இல்லாத எடத்துல வித்தியாசத்தைக் கேட்டோமே, அதுதான் செவி!"

கழகம் தொடங்கிய நாளிலிருந்து விரல்கள் அவ்வளவு வேகமாகத் தேய்ந்ததில்லை. செயலாளர் உடனே தீர்மானம் கொண்டுவந்தார். தள்ளாத சுவிட்சிலும் மாற்றத்தை உணர்ந்த தலைவருக்குக் கழகம் தன் பாராட்டைத் தெரிவிக்கிறது. இனிமேல் உறுப்பினர் மட்டுமே சுவிட்சைத் தொடலாம். தொட்ட உறுப்பினரும் எந்தப் பக்கம் தள்ளினார் என்று வெளியே சொல்லக் கூடாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பேக்கரிக்காரரும் கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி தூக்கினார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப பொட்டி எப்ப வரும்?"

"வீட்டை வந்து பாக்கணுமாம்."

"பொண்ணு பாக்கறவங்ககூட இவ்வளவு தடவை வரமாட்டாங்க" என்றாள் அவள்.

தலைவர், செயலாளர், கம்பிக்காரர் மூவரும் வந்தார்கள். தலைவரின் காது உறைகளைப் படுக்கையறையில் தலையணைமேல் வைத்தார்கள். பிறகு மூவரும் கூடத்தில் மூலைக்கொருவராகச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நாக்கை அண்ணத்தில் தட்டி டிச், டிச் என்று சத்தம் எழுப்பினார்கள். எதிரொலி பார்க்கிறார்களாம். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, மூலைக்கு மூலை பல்லி மாதிரி கத்தறாங்க?" என்றாள். பேக்கரிக்காரர் வாயில் விரல் வைத்துக் கெஞ்சினார்.

பார்த்து முடித்துக் குறைகளைச் சொன்னார்கள். ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டும். ஜன்னலுக்குக் கம்பளி போட வேண்டும். கீழே அடுப்பு எரிகிறவரை சுத்தமான மின்சாரம் மேலே வராது, அதனால் கழகம் அளவெடுக்கும் நாளில் அடுப்பை மூட வேண்டும். முடிந்தால் சமையலறைச் சுவரை இடித்துவிடலாம், அவசரமில்லை. சோபா இருக்கவே கூடாது.

"சோபா இல்லாம எங்க உக்காந்து கேக்கறதுங்க?"

"ஒரே ஒரு நாற்காலி" என்றார் செயலாளர். "இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில். ஒலி முழுதாகக் கேட்கும் இடம் ஒன்றுதான். அதில் ஒருவர்தான் உட்கார முடியும்."

"எங்களுக்குப் பொண்ணு ஒண்ணுதாங்க, ஆனா நாங்க ரெண்டு பேராச்சே" என்றார் பேக்கரிக்காரர்.

"அம்மா கேட்கும்போது நீங்கள் வெளியே போய்விடலாம். நீங்கள் கேட்கும்போது அம்மா வெளியே போக வேண்டும். அறையில் இன்னொருவர் இருந்தால் மெல்லிய ஒலிகளை உறிஞ்சிவிடுவார்."

மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "நான் என்ன பஞ்சு மெத்தையா?"

"மெத்தையாவது ஒரே அளவாக உறிஞ்சும், அம்மா" என்றார் செயலாளர், மரியாதையாக.

பேக்கரிக்காரர் சொன்னபடி எல்லாம் செய்தார். அளவெடுக்கும் நாளில் அடுப்பை மூடினார். ரொட்டிக்கு வந்தவர்கள் வாசலில் நின்று, வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். சோபாவை இறக்க ஜன்னலைத் திறக்கலாம் என்றால், அதில் கம்பளியை ஆணி அடித்து மாட்டியாகிவிட்டது. அதனால் படிவழியாக இறக்கினார்கள். அது முதல் வளைவு வரை நல்லபடியாக இறங்கி, அங்கே சிக்கிக்கொண்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. அன்றிலிருந்து பேக்கரிக்காரர் விடியலில் அடுப்புப் பற்றவைக்கப் போகும்போது சோபாமேல் ஏறி, சறுக்கி, அந்தப் பக்கம் குதித்துப் போனார். மனைவி சோபாவின் நடுவில் கொஞ்சம் உட்கார்ந்து, அவரைத் திட்டிவிட்டு, பிறகு மிச்சத்தைத் தாண்டினாள்.

இவ்வளவுக்கும் பிறகு கழகம் தீர்ப்பு சொல்லப் பெரிய கூட்டம் கூட்டியது. பேக்கரிக்காரர் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

"உங்க ஸ்பீக்கரை ரொம்ப ஆழமா ஆராய்ஞ்சோம்" என்று தலைவர் தொடங்கினார். "தலைமுறைக்கு ஒண்ணு ரெண்டுதான் இப்படி அமையும். முக்கியமா அதோட மௌனம். நான் எத்தனையோ ஸ்பீக்கரோட மௌனத்தைக் கேட்டிருக்கேன், இந்த மாதிரி ஒரு மௌனத்தைக் கேட்டதில்ல. இதுல எந்த ஆம்ப்ளிஃபயரை மாட்டினாலும் முதல்ல அழியப் போறது அந்த மௌனம்தான். அந்தப் பாவத்துக்குக் கழகம் துணைபோகாது. இதுக்குப் பொருத்தமான ஆம்ப்ளிஃபயர் ஒண்ணுதான். இன்னும் யாரும் செய்யாத ஆம்ப்ளிஃபயர்!"

"அதுவரைக்கும் என்னங்க பண்றது?"

"கழகத்துக் காட்சி அறையில வச்சுப் பாதுகாப்போம். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்களே வண்டியோட வந்து எடுத்துக்கறோம். பக்கத்துல உங்க பேரும் இருக்கும்."

"ஞாயித்துக்கிழமைதாங்க எம் பொண்ணு வாசிக்கிறா. அதைக் கேக்கறதுக்குத்தானேங்க இவ்வளவும்?"

தலைவர் அவர் தோளில் கை வைத்தார். "கேக்கறது யாராலயும் முடியும்."

பேக்கரிக்காரர் பெரிய மனிதர்களை எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாதவர். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைக் கழகம் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து சோபாவைத் தாண்டும்போது கால் இடறி அதிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி மேல்படியில் வந்து நின்றாள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"எவ்வளவு தாழ்வான சத்தமோ என்னமோ" என்றார் அவர் கடைசியில். "பெத்தவனுக்கே கேக்கக் கூடாதுன்னு இருக்கு போல."

மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நகருங்க" என்று சொல்லி அவரையும் சோபாவையும் ஒருசேரத் தாண்டி இறங்கிப் போனாள்.

நேரே அந்தக் கடைக்குத்தான் போனாள். "ஒரு ஆம்ப்ளிஃபயர் குடுங்க."

"எந்த ஸ்பீக்கருக்கும்மா?" என்றார் கடைக்காரர் மெதுவாக.

"ஸ்பீக்கருக்கு இல்ல. திரைச்சீலைக்கு."

"என்னது?"

"எங்க கூடத்துத் திரைச்சீலை நீலம். பக்கத்துல வெள்ளிக் கலர்ல பொட்டி இருந்தா எடுப்பா இருக்கும். மேல பூ ஜாடி வைப்பேன். கலர் பொருத்தத்துக்கும் கழகத்துல கேக்கணுமா?"

கடைக்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் பல வருடத்து இருட்டு விலகியது. "கேக்க வேண்டியதில்லம்மா. அவங்க விதியில திரைச்சீலையைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல." அவரே ஓடிப்போய் ஒரு வெள்ளிப் பெட்டியை எடுத்துவந்து தூசி தட்டினார். "இந்த வருஷம் நான் விக்கிற முதல் பொட்டி இதுதான். கழகத்துக்காரங்க வர்றாங்க, தடவிப் பாக்கறாங்க, கண்ணை மூடறாங்க, போயிடறாங்க. சம்மதம் குடுத்ததே கிடையாது."

கட்டிக் கொடுக்கும்போது குரலை இன்னும் தாழ்த்தினார். "பூ ஜாடி வைக்கறதுக்கு முன்னாடி, தப்பித் தவறி ஸ்பீக்கர் ஒயரை மாட்டணும்னு தோணிச்சுன்னா, சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புல. நான் சொல்லல."

"கருகிடாதே?"

"ஸ்பீக்கருக்குப் பின்னாடி எட்டுன்னு போட்டிருந்தா இதுக்கு ஒண்ணும் ஆகாது."

எட்டு என்றுதான் போட்டிருந்தது. பேக்கரிக்காரர் தரையில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்து மூன்று தடவை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில் மாட்டினார்கள். போனிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்குப் போனது. பேக்கரிக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கருகல் வாசனை வருகிறதா என்று முகர்ந்தார். கீழே ஆறிக்கொண்டிருந்த ரொட்டியின் வாசனைதான் வந்தது. கூடத்தில் ஒரு அறிவிப்பாளர் பக்கத்தில் நின்று பேசுவதுபோலப் பேசினார்.

"அடேயப்பா" என்றாள் மனைவி. "எச்சில் முழுங்கறதுகூடக் கேக்குது."

சோபா இல்லாததால் இருவரும் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். குழு வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். படியில் தடதடவென்று சத்தம். கழகத்தார் மூவரும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு சோபாவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் செயலாளர் தலை தெரிந்தது. பிறகு கம்பிக்காரர். கடைசியாகக் காது உறையோடு தலைவர். உள்ளே வந்து வெள்ளிப் பெட்டியைப் பார்த்ததும் மூவரும் பிணத்தைப் பார்த்ததுபோல நின்றுவிட்டார்கள்.

"சம்மதம் இல்லாமல்..." என்று செயலாளர் ஆரம்பித்தார்.

"உக்காருங்க" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். தலைவரின் காது உறைகளைக் கழற்ற ஆளில்லாமல் அவரே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த இடம் வந்தது. வயலின்கள் ஒவ்வொன்றாக நின்றன. குழல் நின்றது. அரங்கில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. பேக்கரிக்காரர் பெட்டி நின்றுவிட்டதோ என்று எழப் போனார்.

முதலில் தரைதான் கேட்டது. உள்ளங்கை வழியாக ஒரு அதிர்வு ஏறி வந்தது. அப்புறம்தான் அது சத்தமாயிற்று. பெண் பிள்ளையின் வாத்தியம், குயில் மாதிரி இருக்கும் என்று அவர் இத்தனை நாளும் மனதுக்குள் வைத்திருந்தார். இது அப்படி இல்லவே இல்லை. கரகரத்து, கனத்து, பேச வாயெடுக்கும் முன்னால் நெஞ்சுக்குள் உருளுமே, அந்த மாதிரி ஒரு குரல். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு படியாக இறங்கியது. இதற்குக் கீழே படி இருக்காது என்று அவர் நினைத்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு படி இறங்கியது. அவர் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"இவதானா?" என்றாள், காற்றாக.

"இவதான்."

"இவ்வளவு பெரிய குரலா நம்மவளுக்கு?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நடுவில் தலைவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மனைவி திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மற்ற வாத்தியங்கள் திரும்பி வந்து சேர்ந்தன. கைதட்டல் கேட்டது, இடைவேளை என்றார்கள். கழகத்தார் மூவரும் விரலைத் தேய்க்கவில்லை.

"மூணாவது வரிசையில ஒருத்தர் இருமினாரே, கவனிச்சீங்களா?" என்றார் தலைவர் ஆர்வத்தோடு. "இடது பக்கம். வறட்டு இருமல்."

"கறுத்துதான் கேட்டுச்சு" என்றார் கம்பிக்காரர். "கரி மின்சாரம்."

செயலாளர் எழுந்து நின்று சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "இந்த ஆம்ப்ளிஃபயர் கழகத்தின் சம்மதம் பெறாதது. நாற்காலி சரிநடுவில் இல்லை, நாற்காலியே இல்லை. அறையில் ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள். ஆகவே, இப்போது இங்கே கேட்டது எதுவும் கேட்டதாகக் கருதப்பட மாட்டாது."

பேக்கரிக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள் படியில் மறுபடியும் தடதடவென்று சத்தம் கேட்டது. யாரோ சோபாவைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். பக்கத்துக் கட்டடத்துத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவும் உதட்டோரத்தில் குண்டூசியுமாக மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். குண்டூசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு கத்தினார்.

"என்னங்க நடக்குது இங்க? ஊசி டப்பா மேசையில தானா நகருது! கத்திரிக்கோல் ஆணியில தொங்கிக்கிட்டே ஆடுது! இவ்வளவு நேரமா சுவத்துக்குள்ள யாருங்க அது, உறுமிக்கிட்டு?"

பேக்கரிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"அது எங்க பொண்ணுங்க" என்றார். "உள்ள வாங்க. இடைவேளை முடிஞ்சு இன்னும் பாதி இருக்கு."